எடித் நித்திரை கொண்ட பின்னேரம்

என் மனைவி எடித் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவாளா, என்னோடு இங்கேயே இருப்பாளா என்பது கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு தியான இல்லத்தில் வைத்துத்தான் தீர்மானமானது. நாட்டில் சண்டை முடிந்த அதே வருஷம், ஆவணி மாதம். ஜெபம், தியானம், கூட்டம் என்று யாராவது வாசலுக்கு வந்தால் பட்டறைக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் மூன்று நாள் அங்கே போய்க் கிடந்தேன் என்றால் காரணம் அவளுடைய நித்திரை.

நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த சனம். சுனாமிக்கு முன் டச்பார் கடற்கரையில் வீடு. வீட்டோடு ஒட்டி என் இரும்புப் பட்டறை. கதவுக் கொண்டி, மண்வெட்டி, தோணிக்கு நங்கூரம், எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே சரிப்படவில்லை.

சுனாமி வந்தது நத்தாருக்கு மறுநாள். எங்கள் ஆட்களுக்கு நத்தார் இரவு என்றால் விடிய விடிய வயலினும் ஆட்டமும்தான். நானும் எடித்தும் விடிந்த பிறகுதான் வந்து படுத்தோம். மகன் வெய்ன் கதவை உதைத்து எங்களை எழுப்பினான். கடல் வருகிறது என்று கத்தினான். எங்கள் இருவரையும் பின்பக்கத்தால் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவியைத் தூக்கப் போனான். கிழவியையும் காணவில்லை, அவனையும் காணவில்லை.

அன்றோடு எடித் ஒரு சட்டம் போட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நித்திரை கொள்ளக் கூடாது. முன்னிரவில் அவள் படுப்பாள், நான் முழித்திருப்பேன். பின்னிரவில் மாற்றிக்கொள்வோம். பிறகு அரசாங்கம் கடலை விட்டு உள்ளே தள்ளி வீடு கட்டித் தந்தது. அங்கே கடல் வருவதென்றால் ஆஸ்பத்திரி, கச்சேரி, மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவளுக்கு அந்த நியாயம் ஏறவில்லை.

அதற்குள் சண்டை எங்கள் பக்கம் முற்றியது. ஷெல் வாவிக்கு மேலால் கூவிக்கொண்டு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குப் போகும். அந்த நாட்களில் ஊரே முழித்திருந்ததால் எங்கள் காவல் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊர் மெல்ல மெல்ல நித்திரை கொள்ளத் தொடங்கியது. எடித் தொடங்கவில்லை. தன்னுடைய முறையிலும் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முழிச்சிருக்கிறீங்களா என்று கேட்பாள். நான் பதில் சொல்ல ஒரு மூச்சு பிந்தினால் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். உடம்பு வற்றிப் போனது. பிரஷர் ஏறியது. ஒரு நாள் ஆணம் கிண்டிக்கொண்டு நின்றவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். இந்த மனுஷிக்கு மருந்து ஒன்றும் தேவையில்லை, நித்திரைதான் தேவை என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல ஒரு டாக்டரா?

மெல்பர்னில் இருக்கிற மகள் பியோனா ஃபோனில் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டுக்குக் கிட்டக் கடலே இல்லை, மம்மி வரட்டும், டடாவும் வரட்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். மகள் வீட்டுச் சோபாவில் பொம்மை மாதிரி உட்கார்ந்து, மருமகன் பேசுகிற இங்கிலீசுக்குத் தலையாட்டிக்கொண்டு சாக எனக்கு விருப்பம் இல்லை. மம்மியை மட்டுமாவது அனுப்புங்கள் என்றாள். எடித் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தியான இல்லக் கதையைக் கொண்டுவந்தாள்.

"மூண்டு நாளைக்கு என்னோட வாங்க. அங்க எனக்கு நித்திரை வந்தா நான் இஞ்சயே இருக்கிறன். வராட்டி பியோனாட்டப் போறன். மறுகா நீங்க வழக்குப் பேசப்படாது."

நடத்துகிறவர்கள் வேறு சபைக்காரர்கள். அவர்களுக்கு நம்மிடம் என்ன தேவை என்று கேட்டேன். சும்மா சோறு போடுகிறவனை நான் நம்புவதில்லை. சுனாமிக்குப் பிறகு எத்தனை பேரைப் பார்த்தோம். வாகனத்தில் வந்தார்கள், கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அழும் வரைக்கும் காத்திருந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண்பிள்ளை என்னிடம் வண்ணப் பென்சிலும் கடதாசியும் தந்து, மனதில் இருக்கிற கடலை வரையுங்கள் அங்கிள் என்றது. நான் பட்டறைக்கல்லை வரைந்து கொடுத்தேன். பிள்ளை அதைக் கவனமாக மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டது.

எடித்துக்காகப் போனேன். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கிற பெரிய மிதவை ஒன்று இருந்தது. அதை நாங்கள் பாதை என்போம். எடித் பாதையில் ஏறி நின்று, அக்கரை சேரும்வரை கண்ணை மூடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிய இடத்தில் ஆமிக்காரன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். நித்திரை கொள்ளப் போகிறோம் என்றேன். எடித் என் விலாவில் இடித்தாள்.

தியான இல்லம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. வாவிக் கரையில் ஓடு போட்ட நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், குசினி, அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. வேலிக்கு அந்தப் பக்கம் வட்டை, கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதற்கு அப்பால் காடு. கடற்கரை ஆட்கள் பாதி, செங்கலடி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் பாதி என்று ஒரு மண்டபம் கொள்ளுமளவு சனம். போதகரின் பெயர் உதயரூபன். செங்கலடிப் பெடியன், மெலிந்த ஆள். நான் எதிர்பார்த்த எதையும் அவர் செய்யவில்லை. யாரும் படம் எடுக்கக் கூடாது என்றார். யாரும் யாரிடமும் நடந்ததைச் சொல் என்று கேட்கக் கூடாது என்றார். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், அறைக்குப் பூட்டு வேண்டாம். அவ்வளவுதான் சட்டம். என்ன விற்க வந்திருக்கிறான் இவன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் பொழுதுபட, கடவுள் தூங்குவதில்லை, நம்மைக் காக்கிறவர் கண் அயர்வதில்லை என்று பேசினார். என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நத்தாருக்கு அடுத்த நாள் காலம்பொற அவரும் நித்திரைதான் போல" என்றேன்.

எடித் தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் கோபிப்பார், அல்லது எனக்காக ஜெபிக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன்.

"அதுக்கு எனக்கும் பதில் தெரியாது அங்கிள்" என்றார். "இஞ்ச வாறவங்களுக்கு நித்திரை வாறதில்ல எண்டு மட்டும் தெரியும். அதால காவலுக்கு ஒரு ஆளை வெச்சிருக்கிறம்."

அந்த ஆள்தான் நல்லரத்தினம். வேலிக்கு அந்தப் பக்கத்து வயல்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவக்காரர். யானை வந்து நெல்லைத் தின்றுவிடும் என்று வேளாண்மை விளைகிற காலமெல்லாம் வயலில் முழித்துக் கிடக்கிறவர். சுனாமிக்குப் பிறகு இந்த இல்லத்தில் ஆட்களைக் கூட்டியபோது ஒரு அறையிலும் விளக்கு அணையவில்லையாம். அவர் வேலியால் எட்டிப் பார்த்து, ஏன் எல்லாரும் கஷ்டப்படுகிறீர்கள், நான் எப்படியும் முழித்துத்தான் இருக்கப்போகிறேன், நீங்கள் படுங்கள் என்றாராம். அன்றிலிருந்து அது இங்கே ஒரு வழக்கம். தியானத்துக்கு ஆட்கள் வந்தால் நல்லரத்தினம் வயலையும் பார்ப்பார், இவர்களையும் பார்ப்பார். அவருக்கு என்னிடம் ஒன்றும் தேவைப்படவில்லை என்பதால் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது.

எடித் அவரையும் நம்பவில்லை. முதல் இரவு முழுவதும் ஜன்னலடியில் இருந்து அந்த மனுஷன் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கண் இரண்டும் சிவந்து போய் வந்தாள். ஆள் ஒருக்காலும் கண்ணை மூடவில்லை என்று அதிசயமாகச் சொன்னாள். நீ இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்குத்தான் கண்ணை மூட மனம் வரும் என்றேன். ஒரு நாள் போய்விட்டது. மெல்பர்ன் கிட்ட வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மௌன நாள். காலைக் கஞ்சிக்குப் பிறகு பொழுதுபட விளக்கு ஏற்றும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கல்யாணம் முடித்த நாள் தொட்டு இப்படி ஒரு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக எடித் சொல்லிவிட்டு வாயை மூடினாள். பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

மௌனம் லேசான வேலை என்று நினைத்திருந்தேன். கஞ்சி வயிற்றில் இறங்குவதற்குள் நான் சொல்ல வேண்டிய கதைகள் நெஞ்சில் வந்து முட்டின. மத்தியானத்தில் அதுவும் அடங்கியது. வாவியில் தண்ணீர் கரையில் தட்டுவது கேட்டது. அந்தச் சத்தம் இவ்வளவு காலமும் எனக்குப் பிடிக்காது. அன்றைக்குக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

சோற்றுக்குப் பிறகு பெண்கள் மண்டபத்தில் பாய் போட்டுச் சரிந்தார்கள். எடித்தும் ஒரு பாயை விரித்தாள். பக்கத்தில் செங்கலடி ஆச்சிப்பிள்ளை, பெரிய உடம்புக்காரி. எடித் என்னைப் பார்த்துத் தன் கண்ணைத் தொட்டாள், பிறகு என்னை நோக்கி விரலை நீட்டினாள். நீங்க முழிச்சிருக்க வேணும் என்று அர்த்தம். நான் தலையாட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டைச் சத்தம். முதலில் ஆச்சிப்பிள்ளை என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எடித். வாயைத் திறந்துகொண்டு, கையை நெற்றியில் போட்டுக்கொண்டு, சரியான நித்திரை. அந்தக் குறட்டையை நான் சுனாமிக்குப் பிறகு கேட்டதில்லை. முன்பெல்லாம் அதற்காக அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன். கண் கலங்கிப் போயிற்று. நான் இப்படிக் கலங்குகிற ஆள் இல்லை.

வெயில் தாழ்கிற நேரம், வேலியடியில் நின்று நல்லரத்தினம் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நாலு எட்டு வைத்துப் போய்ப் பார்த்தேன். வட்டையின் ஓரத்தில் ஒரு தனி யானை. பட்டப்பகலில் வந்து நெல்லுக்குள் நிற்கிறது. நல்லரத்தினம் மடியிலிருந்து யானைவெடியை எடுத்தார். அவருக்கு அது தினமும் செய்கிற வேலை. பக்கத்து மண்டபத்தில் எப்படிப்பட்ட சனம் படுத்திருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரம் அவருக்கு அயத்துப் போய்விட்டது. திரியைக் கொளுத்தி எறிந்தார்.

அந்த வெடிச் சத்தத்தில் ஓடெல்லாம் அதிர்ந்தது. என்ன நடந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. காலுக்கு யோசனை தேவைப்படவில்லை. நினைவு வந்தபோது தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மேலே ஏழெட்டுப் பேர், எல்லாரும் கடற்கரை ஆட்கள். மாங்கேணி மனுஷன் ஒருவர் தாங்கியின் உச்சியிலேயே போய்க் குந்தியிருக்கிறார். கீழே பார்த்தால் மண்டபத்தில், முற்றத்தில், மரத்தடியில் படுவான்கரை ஆட்களும் செங்கலடி ஆட்களும் முகம் குப்புறப் படுத்திருக்கிறார்கள், கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு. போதகர் மேசைக்கடியில். ஒரே சத்தம்தான். எங்களுக்கு அது கடல், அவர்களுக்கு அது ஷெல்.

யானை காதை ஆட்டிக்கொண்டு காட்டுக்குள் போனது. படுத்திருந்தவர்கள் மெல்லத் தலையைத் தூக்கி ஏணியில் தொங்குகிற எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். பேசக் கூடாத நாள். யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லோருக்கும். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். உதயரூபன் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு தானும் சிரித்தார். அதுவரை பாதி மண்டபமும் மற்றப் பாதி மண்டபமும் முகம் பார்த்ததில்லை. அவர்கள் பட்டதை நாங்களும், நாங்கள் பட்டதை அவர்களும் ஒரு சொல்லும் பேசாமல் தெரிந்துகொண்டோம்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. எடித். அவளை அங்கே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன். இறங்கி விழுந்தடித்து மண்டபத்துக்குள் போனேன். பாயில் எடித் படுத்திருந்தாள். குறட்டை.

விளக்கு ஏற்றும்வரை அவள் எழும்பவில்லை. நான் தலைமாட்டிலேயே இருந்தேன். மௌனம் முடிந்து தேத்தண்ணி கொடுத்தபோது, கனகாலத்துக்குப் பிறகு முகம் வெளிச்சமாக வந்து உட்கார்ந்தாள். வெடிச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா அக்கா என்று ஆச்சிப்பிள்ளை கேட்டாள்.

"என்னவோ கேட்டது. கண்ணைத் திறந்து பாத்தன். நீங்க எல்லாரும் முகம் குப்புறப் படுத்திருந்தீங்க. இவங்கட சபையில இப்பிடியும் ஒரு ஜெபம் இருக்காக்கும் எண்டு நினைச்சன். பேசவும் ஏலாதே. நான் எப்பிடியும் படுத்துத்தானே கிடக்கிறன் எண்டு கண்ணை மூடிற்றன்."

ஆச்சிப்பிள்ளை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எடித்தும் சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எந்தப் பக்கம் படுத்திருந்தீங்க? நான் காணல்லயே."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் மனம் நிறைந்துபோய் இங்கேயே இருந்துவிடுவாள். ஆனால் அந்தப் பொய்யை வைத்து அவளை மறித்தால் அவள் இருந்தும் பயனில்லை.

"நான் படுக்கல்ல" என்றேன். "தாங்கி ஏணியில நிண்டன்."

அவள் முகம் மாறியது. "என்னை விட்டுப்போட்டா?"

"ஓம்."

கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். வாவிக் கரையில் ஒரு பழைய தோணி கவிழ்த்துக் கிடந்தது. அதில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். பியோனாவிடம் டிக்கெட் போடச் சொல்ல வேண்டியதுதான். போதகர் என் பக்கத்தில் வந்து இருந்தார். ஏதாவது பிரசங்கம் பண்ணுவார் என்று பார்த்தேன். அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார், அவ்வளவுதான்.

நல்லரத்தினத்துக்குத்தான் பொறுக்கவில்லை. வெடி போட்டது தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன், நீங்களும் வாங்கண்ணே என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"பிழை என்னிலதான் அக்கா" என்றார். "இவர்ற கால்தான் ஓடினது. ஏணியில ஏறிக்கொண்டு உங்கட பேரைத்தான் கத்தினவர். எடித், எடித் எண்டு. வட்டை முழுக்கக் கேட்டது. யானை வெடிக்குப் போனதோ, இந்தச் சத்தத்துக்குப் போனதோ தெரியா."

நான் கத்தியது எனக்கே தெரியாது. எடித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பேரைக் கத்தினா நான் ஏறிருவனா? வந்து தூக்கியிருக்கவெல்லோ வேணும்."

"உன்னைத் தூக்க அந்த யானையைத்தான் கூப்பிடவேணும்" என்றேன்.

நல்லரத்தினம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எடித் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. தோணியில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். நல்லரத்தினம் வயலுக்குப் போன பிறகு சொன்னாள்:

"ஹேர்பர்ட், இண்டைக்கு எனக்குக் காவலா ஒருத்தரும் பக்கத்தில இருக்கல்ல. நான் நித்திரை கொண்டன். ஒண்டும் நடக்கல்ல."

"ஓம்."

"நாங்க அண்டைக்கு நித்திரை கொண்டதாலதான் வெய்ன் போனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். முழிச்சிருந்தாலும் அவன் அந்தக் கிழவியைத் தூக்கத்தான் போயிருப்பான். அவன் அப்பிடித்தானே."

வெய்னின் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு காலம். அவன் அப்படித்தான், சின்ன வயதிலேயே அடுத்தவன் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தவன் என்றேன். அந்தக் கதையைத் தொடங்கி, நன்றாக இருட்டிப் போகும் வரைக்கும் அவனைப் பற்றியே பேசினோம். மௌனத்தில் அடைத்துக் கிடந்த எல்லாம் வந்தது. எழும்பும்போது, பியோனாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் போவதில்லை, பார்க்க வேண்டுமென்றால் அவள் வரட்டும் என்றாள்.

அன்றிரவு அறைக்குள் போனதும் என்னையும் படுக்கச் சொன்னாள். வெளியே நல்லரத்தினம் இருமுவது கேட்டது. அவ்வளவுதான் எனக்கு நினைவு. கண் திறந்தபோது வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. எடித் இன்னும் எழும்பவில்லை. காலை ஜெபம் முடிந்து, கஞ்சி முடிந்து, சிலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் எங்களை எழுப்பவில்லை என்று போதகரிடம் கேட்டேன். உங்களுடைய ஜெபம் நடந்துகொண்டிருந்தது, அதைக் குழப்ப விருப்பம் இல்லை என்றார். அவருக்கும் வாய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கடவுள் தூங்குகிறாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைப் பற்றி உதயரூபனோடு இப்போதும் வழக்குப் பேசுகிறேன். ஆனால் தியான இல்லம் எதற்கு என்று கேட்டால் சொல்வேன். வீட்டில் நாம்தான் காவல். எவ்வளவு ஜெபித்தாலும் ஒரு கண் திறந்தே கிடக்கும். காவலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் விழ ஒரு இடம் மனுஷனுக்கு வேண்டும். அங்கே அப்படி விழுந்து எழும்பினவனுக்குத்தான் தன்னைத் தாங்கினது யார் என்று கேட்கவாவது தோன்றும்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில இரவுகளில் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். அப்போது நான் திட்டுவேன், படுத்துவிடுவாள். பியோனாவுக்குப் பிள்ளை பிறந்தபோது மட்டும், வரமாட்டேன் என்றிருந்தவளுக்கு மனம் கேட்கவில்லை. போய்வருகிறேன் என்று போனாள். நான் இங்கே தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொண்டேன். ஒரு மாதம் ஆகவில்லை, ஃபோன் வந்தது. பேரப்பிள்ளை நல்ல வடிவாம். வீடும் நல்ல வீடாம். கடல் கண்ணுக்கே தெரியாதாம்.

"ஆனா எனக்கு இஞ்ச நித்திரை வருகுதில்ல" என்றாள். "நான் வாறன்."